குறிப்பு என்ற கட்டத்தில் நான் எழுதியது

என்னிடம் இருந்த தாளில் மூன்று பெயர்கள் இருந்தன. கணவன், மனைவி, மூன்று வயதுப் பெண்பிள்ளை. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தவர்கள். விமானத்தில் வந்து இறங்கி எட்டு நாள் ஆகியிருந்தது. பெரகல சந்திக்குக் கீழே இருக்கும் ஒரு தோட்டத்தில், கணவனின் அக்கா வீட்டில் தங்கியிருப்பதாகத் தாள் சொன்னது.

நான் சுகாதாரத் துறையில் வெளிக்கள உத்தியோகத்தர். பதுளையில் அலுவலகம், ஆனால் வாரத்தில் நாலு நாள் பஸ்ஸிலும் ஒற்றையடிப் பாதையிலும்தான் போகும். நம் நாட்டில் மலேரியா இல்லை. அது திரும்பி வருவதானால் யாருடைய ரத்தத்திலாவது ஏறித்தான் வர வேண்டும். ஆகவே மலேரியா உள்ள இடங்களிலிருந்து வந்து இறங்குகிறவர்களைத் தேடிப் போய், விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி ரத்தம் எடுத்து வருவது என் வேலை. ஒரு வருடத்துக்கு மாதம் ஒரு தடவை போவேன். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, உடம்பு இளைக்கிறதா என்றும் கேட்பேன். அநேகமாக எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அந்த இல்லையை அப்படியே நம்பிவிடாமல் இருப்பதற்காகத்தான் என்னை அனுப்புகிறார்கள். பதினாறு வருடம் இதைச் செய்ததில், நம்பாமல் இருப்பது என் சுபாவமாகவே ஆகிவிட்டது. வீட்டில்கூட, பசிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

அன்றைக்குச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே அரைமணி நேரம் நடந்தேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசிக்கு முந்திய வீடு. முன்பக்கத் தாழ்வாரமான இஸ்தோப்பில் பிள்ளை ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடியது. அதன் அம்மா வெளியே வந்து, வாசற்படியை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"யாரு மேடம் உங்கள அனுப்பினது?"

"சுகாதார ஆபீஸ்லேருந்து வர்றேங்க. பதுளையிலேருந்து."

"எங்க பேரு உங்களுக்கு எப்படிக் கெடைச்சுது?"

"எயார்போட்ல ஒரு ஃபோம் நெரப்பிக் குடுத்தீங்கல்ல, அதுலேருந்து."

"வீட்டுக்கு ஆள் வருவாங்கன்னு அதுல எழுதலையே."

அவள் சொன்னது சரிதான். எழுதியிருக்கவில்லை.

அதற்குள் கணவன் வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே ஒரு பிளாஸ்டிக் கோப்பைத் திறந்து, பிறப்புச் சான்றிதழ், விசா, விமானச் சீட்டு, முகாமிலிருந்து விடுவித்த கடிதம் என்று ஒவ்வொன்றாக எடுத்து மடியில் அடுக்கினார். எனக்கு அதெல்லாம் வேண்டாம், விரல் மட்டும் போதும் என்றேன். அவர் சிரித்தார்.

"முகாம்ல மாசா மாசம் செக்கிங் வரும் மேடம். எல்லாரும் வரிசையில நிக்கணும், தலை எண்ணுவாங்க. ஒரு ஆள் இல்லேன்னா பெரிய வெசாரணை. அதே பழக்கம்."

ஆறு வயதில் இந்தத் தோட்டத்திலிருந்து போனவர் அவர். கலவரத்துக்குப் பயந்து குடும்பம் முதலில் வவுனியாப் பக்கம் போய், பிறகு படகேறியது. அக்கா அப்போதே கல்யாணமாகி இங்கே இருந்ததால் வரவில்லை. மனைவி முகாமிலேயே பிறந்தவள். இந்த நாட்டை அவள் பார்த்து எட்டு நாள்தான் ஆகிறது.

அவருடைய விரலைத் துடைத்துக் குத்தினேன். தகட்டில் ரத்தத்தைப் பரப்பிக்கொண்டிருந்தபோது உள்ளே யாரோ இருமினார்கள். வாய்க்குள் துணியை வைத்து அமுக்கிய இருமல். இப்படி அமுக்கி இருமுகிறவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். இருமலை விட, அமுக்குவதுதான் என் காதில் விழும்.

"உள்ள யாருங்க?"

"யாரும் இல்லைங்க," என்றார் அவர்.

"இருமல் கேட்டுச்சே."

"பக்கத்து வீடு," என்றாள் மனைவி. "செவுரு கூரை வரைக்கும் போகல பாருங்க. அங்க தும்மினா இங்க கேக்கும்."

அதுவும் உண்மைதான். பல லயங்களில் சுவர் பாதியோடு நின்றுவிடும். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே அவள் இரண்டு அடி நகர்ந்து, உள்ளறைக்குத் தொங்கிய சேலைத் திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அக்கா எங்க?"

"மலைக்குப் போயிருச்சு," என்றார். கொழுந்து எடுக்கப் போயிருக்கிறார் என்று அர்த்தம். மணி பதினொன்று. எல்லாரும் மலையில் இருக்கிற நேரம்தான். மூன்று தகடுகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு எழுந்தேன். விரலைக் கொடுத்தபோது மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில், தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் கடைசி வீட்டுக்காரம்மா குடத்தை வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பீலித் தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தத்தில் அவர் குரலை இறக்கிப் பேச வேண்டியிருக்கவில்லை. இருந்தும் இறக்கினார்.

"மிஸ், எத்தன பேர்னு சொன்னாங்க?"

"மூணு பேரு."

"மூணா?" என்று குடத்தைச் சரித்து வைத்தார். "இன்னொரு ஆம்பள இருக்கு. வெளிய தலை காட்டமாட்டான். கடல் வழியா களவா வந்தவன்னு பேச்சு. ராப்பகலா இருமுறான். நாஞ் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்காம சொல்லுவேனா மிஸ்?"

எனக்கு அந்த அம்மாவையும் முழுக்க நம்பத் தோன்றவில்லை. வந்தவர்களால் பீலியில் வரிசை நீண்டுவிட்டது என்ற எரிச்சலாகவும் இருக்கலாம். ஆனால் இருமலை நானே கேட்டிருந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அம்மாவும் தோட்டத்துப் பெண்தான், பதுளைக்கு மேலே ஒரு தோட்டத்தில். சுகாதார வேன் வருகிறது என்று தெரிந்தால் வேலையைப் போட்டுவிட்டுத் தேயிலைக்குள் போய் ஒளிந்துகொள்வார். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், என்ன செய்கிறார்கள் என்று விளங்கும்படி சொல்லாமல் ஆபரேஷன் செய்து அனுப்பியதைப் பார்த்தவர். வெள்ளை உடுப்பில் யார் வந்தாலும் அவர் உடம்பு விறைத்துவிடும். நான் இந்த வேலைக்குச் சேர்ந்தபோது, "நீ எழுதுறத அந்தாளுகளுக்கு வாசிச்சுக் காட்டு" என்று மட்டும் சொன்னார். நான் அதைச் செய்ததில்லை. ஒரு நாளில் பதினைந்து வீடு ஏறி இறங்குகிறவளுக்கு அதற்கெல்லாம் நேரம் எங்கே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

மூன்று வாரம் கழித்து, சொல்லாமல், வழக்கத்துக்கு மாறாகக் காலை எட்டு மணிக்கே போனேன். மூவரின் முதல் தகடுகளிலும் கிருமி இல்லை என்ற முடிவு என் பையில் இருந்தது. அதைச் சொல்லப் போனதாக வைத்துக்கொண்டேன். உண்மையில் நான் எண்ணத்தான் போனேன். கொடியில் இரண்டு ஆம்பளை ஸ்வெட்டர்கள் காய்ந்தன. ஒன்று சாம்பல் நிறம், கணவன் போட்டிருந்ததை முன்பே பார்த்திருக்கிறேன். மற்றது கறுப்பு, கை நீளம் அதிகம். வாசலில் நாலு சோடிச் செருப்பு. திரைக்கு அடியில், தரையோடு, ஒரு சாக்கின் நுனியும் தலையணையின் மூலையும் தெரிந்தன.

"அக்கா மலைக்குப் போயாச்சா?"

"பெரட்டுக்கு ஏழு மணிக்கெல்லாம் போயிரும்," என்றாள் மனைவி. வேலைக்குப் பேர் கொடுக்கிற காலைக் கூட்டம்தான் பெரட்டு. அவள் குரல் கொஞ்சம் உரத்துக் கேட்டது. என்னிடம் சொன்னதாக அல்ல, உள்ளே இருந்த யாருக்கோ கேட்கட்டும் என்று சொன்னது போல.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டு ஒரு பொய்யை வாங்கிக்கொள்வதில் என்ன பிரயோசனம் என்று நினைத்தேன். அப்புத்தளை தாண்டி பண்டாரவளைக்குப் போகிற பஸ்ஸில், ஆட்டத்துக்கு நடுவே, படிவத்தை மடியில் வைத்து நிரப்பினேன். கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் அதைக் காலியாக விடுவேன். அன்றைக்கு எழுதினேன். எங்கள் படிவங்கள் சிங்களத்தில்தான் வாசிக்கப்படும், ஆகவே சிங்களத்தில்: 'பெயர் பதியப்படாத இன்னொரு ஆண் இவ்வீட்டில் மறைந்திருப்பதாகச் சந்தேகம். நீடித்த இருமல். கடல் வழியாக வந்திருக்கலாம்.'

முதல் இரண்டு வாக்கியங்களும் என் வேலைக்குத் தேவை. மூன்றாவது தேவையில்லை. அது தெரிந்துதான் எழுதினேன். ஒரு விஷயத்தைத் துப்பறிந்துவிட்ட பெருமை அதில் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

மேலதிகாரி வாசித்துவிட்டு, "நல்லது, அடுத்த தடவை சளி எடுத்து வரப் பாருங்கள்" என்றார்.

அடுத்த தடவை நான் போனபோது இஸ்தோப்பில் ஒருவரும் இல்லை. கதவைத் தட்டினேன். மனைவி திறந்து, இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"ரத்தம் தர மாட்டோம் மேடம்."

"ஏங்க?"

"நீங்க வந்துட்டுப் போன பத்தாம் நாளு ரெண்டு பேரு வந்தாங்க. யூனிஃபோர்ம் இல்ல. படகுல வந்தவன் எங்கன்னு கேட்டாங்க. அரிசிப் பானையக் கூட கவுத்துப் பாத்தாங்க. இவர ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க."

"இப்ப எங்க அவரு?"

"சாயங்காலமா விட்டுட்டாங்க. தேயிலை வெட்டப் போயிருக்காரு. வந்தவங்க, நீங்க கேட்ட மாதிரியே கேட்டாங்க மேடம். மூணு பேர்தானா, மூணு பேர்தானான்னு. நீங்க என்ன எழுதினீங்க?"

"நான் ரத்தத்தப் பத்தி மட்டுந்தான் எழுதுவேன்," என்றேன்.

அவள் என்னை நம்பவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற பிள்ளை, யாரும் சொல்லாமலே, தன் கைகளையும் சட்டைக்குள் இழுத்துக்கொண்டது. அதைப் பார்த்த பிறகு அந்தப் பொய்யோடு என்னால் நிற்க முடியவில்லை.

"இல்ல. எழுதினேன். இன்னொரு ஆள் ஒளிஞ்சிருக்கிறதா சந்தேகம்னு எழுதினேன். படகுல வந்திருக்கலாம்னும் எழுதினேன்."

"யாரு சொன்னா உங்களுக்கு?"

அதைச் சொல்லவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. "முப்பது வருசமா எங்களச் சந்தேகப்பட்டாங்க அங்க," என்றாள் மெதுவாக. "அது அவங்க ஊரு. இங்கயுமா?"

அப்போது திரை விலகியது. கறுப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஸ்வெட்டரின் கைகள் விரல்களை மூடித் தொங்கின. அது அவருடைய செத்துப்போன புருஷனுடையது என்று பிறகு தெரிந்தது. கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன. கன்னத்தில் மட்டும் ஒரு சிவப்பு.

"இருமுறது நாந்தான் மிஸ்," என்றார். "எழுதிக்கங்க."

"நீங்க உள்ள போங்கண்ணி," என்றாள் மனைவி.

"போதும் தாயி. தம்பிய ஜீப்புல ஏத்துன அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அதுதான் அக்கா. நான்கு மாதமாக இருமல். தம்பி குடும்பம் வருவதற்கு முன்பே தொடங்கியது. பெரகலயில் மருந்துக்கடையில் சிரப் வாங்கிக் குடித்திருக்கிறார். முடிந்த நாளில் மலைக்குப் போவார். முடியாத நாளில், பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மேல் பாதையால் திரும்பி வந்து படுத்துக்கொள்வார். அவர் கணக்கில் சிநேகிதிகள் தங்கள் கொழுந்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நோய் என்று தெரிந்தால் வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டுவார்கள், பேர் போனால் தோட்டம் கொடுத்த அறையான காம்பரா போகும், காம்பரா போனால் வந்து இறங்கிய தம்பி குடும்பம் எங்கே போகும் என்பது அவருடைய கணக்கு. புருஷன் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அந்த ஓர் அறையும் அதன் முன்னறையும்தான் அவருக்கு இருந்தது.

"ரத்தம் வருதா சளியில?"

அக்கா, தம்பி மனைவியைப் பார்த்தார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன வாரம் ரெண்டு தடவ," என்றார்.

"பிள்ள யாரோட படுக்குது?"

இதற்கு மனைவிதான் பதில் சொன்னாள். "அத்தை கூடத்தான்." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆனால் அண்ணியிடமிருந்து விலகிப் போகவில்லை. அங்கேயே நின்றாள்.

மறுநாள் காலையில் அக்கா, மனைவி, பிள்ளை, நான் என்று நாலு பேரும் பதுளை பஸ்ஸில் ஏறினோம். ஆம்புலன்ஸ் வேண்டாம், லயமே பார்க்கும் என்று அக்கா மறுத்துவிட்டார். முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தார். குளிர்கிறது, மூடுங்கள் என்று ஒருவர் சிங்களத்தில் சொன்னார். இந்த அம்மாவுக்கு வாந்தி வருகிறது என்று நான் சொன்னேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பொய் சொல்வேன் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று அவள் தீர்மானிக்கவில்லை போலிருந்தது.

சளியில் காசநோய்க் கிருமி இருந்தது. ஆறு மாதம் தினமும் மாத்திரை, யாராவது கண்ணெதிரே பார்த்து விழுங்க வைக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் சோதனைக்கு வர வேண்டும். கணவனுக்கும் மனைவிக்கும் நெஞ்சுப் படத்தில் ஒன்றும் இல்லை. பிள்ளைக்குக் கையில் போட்ட ஊசி தடித்தது. நோய் இல்லை, ஆனால் கிருமி உடம்புக்குள் போயிருக்கிறது, வராமல் தடுக்க மருந்து கொடுக்க வேண்டும் என்றார் டொக்டர். அதை நான் தமிழில் சொன்னபோது மனைவி ஆஸ்பத்திரி நடையில் இருந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு, "மேடம், உங்க தாள்ல இத எழுதுங்க," என்றாள். "நாங்க அங்கேருந்து சுத்தமாத்தான் வந்தோம். இங்க வந்துதான் பிள்ளைக்கு ஒட்டுச்சு. அப்படியே எழுதுங்க."

அந்த வாங்கிலேயே எழுதினேன். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவளுக்குச் சிங்களம் தெரியாது. நான் வாசித்ததுதான் எழுதியிருக்கிறேனா என்று பார்க்க அவளுக்கு வழியில்லை. அந்த எழுத்துகளையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாளை போனில் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு யாரிடமோ காட்டிக் கேட்டிருப்பாள். கேட்டிருக்கத்தான் வேண்டும்.

லயத்தில் எல்லாரையும் சோதிக்கப் போனபோது கடைசி வீட்டுக்காரம்மா கதவைச் சாத்திக்கொண்டார். நெடுநேரம் தட்டிய பிறகு திறந்தார். ஆம்பள என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அவ என்கூட முப்பது வருசம் ஒரே மலையில கொழுந்து எடுத்தவ மிஸ். நீங்க இருமலப் பத்திக் கேட்டது செவுத்துக்கு மேலால எனக்குக் கேட்டுச்சு. யாரையாவது காட்டணும்ல. அவளக் காட்டச் சொல்றீங்களா?"

"அதுக்கு இல்லாத ஆளக் காட்டுறதா?"

"இவங்க வந்தவங்கதானே," என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது நன்றாக இல்லை போலிருந்தது. சளிக் குப்பியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அந்த இரண்டு பேரை அனுப்பியது என் குறிப்புதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மேலதிகாரியிடம் கேட்டேன். நம் கோப்பு இந்த அறையை விட்டு வெளியே போகாது என்றார். பீலியடிப் பேச்சு சந்திக் கடைவரை போய் அங்கிருந்தும் போயிருக்கலாம். மேலதிகாரி சொன்னதை நம்புவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். அதன் பிறகு குறிப்புக் கட்டத்தில் உடம்பைப் பற்றியன்றி வேறு எதையும் நான் எழுதுவதில்லை.

அக்காவின் பேரை வெட்டவில்லை. டொக்டரின் கடிதத்தைக் கொண்டுபோய்த் தோட்டத்து ஆபீசில் கொடுத்தோம். சுகமாகும் வரை தம்பி அவருக்குப் பதிலாக வேலை செய்யலாம் என்று தோட்டத்தை நடத்தும் துரை ஒப்புக்கொண்டார். நாலு மாதமாகப் பயந்து பயந்து மறைத்தது அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதைச் சொன்னபோது அக்கா, "இந்த தொரைக்கு மனசிருந்துச்சு. வேற தொரையா இருந்திருந்தா?" என்று கேட்டார்.

தினமும் மாத்திரையை விழுங்க வைக்கும் வேலையை மனைவிதான் எடுத்துக்கொண்டாள். காலையில் ரொட்டி சுடுவதற்கு முன்னால் அண்ணியை வாசலுக்கு அழைத்து, வெளிச்சத்தில் நிறுத்தி, கையில் மாத்திரைகளைக் கொடுப்பாள். விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியிலும் பார்ப்பாள். நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. "எனக்கு எண்ணிப் பழக்கம் மேடம்," என்றாள். ஆறாம் மாதம் சளியில் கிருமி இல்லை. அக்காவின் எடை கூடியது. பிள்ளையின் மருந்தும் முடிந்தது.

ஒரு வருடத்தின் கடைசித் தகட்டை எடுக்கப் போன அன்று எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். மூன்று பேருடைய ரத்தத்திலும் வருடம் முழுவதும் ஒன்றும் இல்லை. அதைச் சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினேன். அக்கா தேத்தண்ணி கொடுத்தார். அந்த வீட்டில் நான் குடித்த முதல் தேத்தண்ணி அதுதான்.

கிளம்பும்போது மனைவி பீலிவரை கூட வந்தாள்.

"இனிமே வரமாட்டீங்கல்ல?"

"வேலை முடிஞ்சுதுங்க."

"வேலையா வராதீங்க. சும்மா வேணும்னா வாங்க."

வருகிறேன் என்று சொன்னேன். பெரகல வழியாக மாதம் இரண்டு தடவையாவது பஸ்ஸில் போகிறேன். அந்தத் திருப்பம் வரும்போது எழுந்து இறங்கலாமா என்று யோசிப்பேன். வாயால் சொன்னாளா, மனதால் சொன்னாளா என்று யோசிப்பதற்குள் பஸ் சந்தியைத் தாண்டிவிடும். இன்னும் போகவில்லை.